மின் மாதிரி வானூர்திகளுக்கு ஏற்ற உந்துசுழலியைத் தெரிவு செய்தல்

உந்துசுழலி என்பது மோட்டாரின் சுழற்சியை முன்னுந்து விசையாக மாற்றும் முறுக்கப்பட்ட இதழ்களைக் கொண்ட உறுப்பு ஆகும். வழக்கில் இது புரொப்பெல்லர் என்றும், மாதிரி வானூர்தி ஆர்வலர்களிடையே சுருக்கமாகப் பிராப் என்றும் அழைக்கப்படுகிறது. வானலைக் கட்டுப்பாட்டில் பறக்கும் மின் மாதிரி வானூர்தியில் விலை மிகக் குறைந்த உறுப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் பொருந்தாத சுழலி ஒன்று மோட்டாரையும் வேகக் கட்டுப்படுத்தியையும் சில நிமிடங்களில் எரித்துவிடும், அல்லது காற்றை எதிர்த்துத் திரும்பி வர முடியாமல் வானூர்தியையே இழக்கச் செய்யும். தூத்துக்குடி போன்ற கடற்கரையில் இரண்டாவது ஆபத்து முதலாவதைவிடப் பெரியது. அங்கே காற்றோடு போன வானூர்தி விழும் இடம் கடல்.

மின்சாரத்தால் பறந்த மாதிரி வானூர்திகளின் வரலாறு பெரும்பாலும் 1957 இலிருந்து சொல்லப்படுகிறது. அவ்வாண்டு சூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவரின் 'ரேடியோ குவீன்' வானலைக் கட்டுப்பாட்டில் பறந்தது. அக்கால மின்கலங்கள் கனமானவை. மோட்டார்களும் வலுக்குறைந்தவை. தூரிகையற்ற மோட்டாரும் லித்தியம் பாலிமர் மின்கலமும் (லிப்போ) பரவிய பின்னரே மின் வானூர்தி எளிய பொழுதுபோக்காயிற்று. அதன் பிறகு சிக்கல் தலைகீழானது. முன்பு திறன் போதவில்லை என்பது கவலை. இப்போது சிறிய மோட்டாரே தன்னை எரித்துக்கொள்ளும் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்க வல்லது. அதைக் கட்டுக்குள் வைப்பது சுழலியின் அளவுதான்.

எண்களின் பொருள்

சுழலியின் மீது 10×6 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் விட்டம், அதாவது இதழ்கள் சுழலும்போது வரையும் வட்டத்தின் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது எண் புரியிடை, வழக்கில் பிட்ச். பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்ட மாணவருக்குப் புரியிடைத் தூரம் புதிதன்று: திருகை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அது முன்னேறும் தொலைவு. சுழலிக்கும் அதே பொருள்தான். காற்று கெட்டியான பொருளாக இருந்தால், 10×6 சுழலி ஒரு சுற்றில் 6 அங்குலம் முன்னே செல்லும்.

காற்று கெட்டியானது அன்று, ஆகவே உண்மையில் சற்று வழுக்கும். ஆயினும் இந்தக் கணக்கிலிருந்து புரியிடை வேகம் என்ற பயனுள்ள அளவு கிடைக்கிறது. புரியிடையை (அங்குலம்) நிமிடச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, மேலும் 0.001524 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டரில் வேகம் வரும். 6 அங்குலப் புரியிடை நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழன்றால் ஏறத்தாழ மணிக்கு 73 கி.மீ. வானூர்தி கிடைமட்டத்தில் எட்டும் உச்ச வேகம் பொதுவாக இதைவிடக் குறைவு. உடலின் இழுவையைப் பொறுத்து ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

இதழ் ஏன் முறுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. ஒரே சுற்றில் இதழின் முனை நெடுந்தொலைவும் நடுப்பகுதி குறைந்த தொலைவும் கடக்கின்றன. இரண்டும் ஒரே அளவு முன்னேற வேண்டுமானால் நடுப்பகுதி செங்குத்தாகவும் முனை படிந்தும் இருக்க வேண்டும். சுழலி என்பது சுழலும் இறக்கையே என்று புரிந்துகொண்டு கணக்கிட்டவர்கள் ரைட் சகோதரர்கள். 1903 இல் அவர்கள் மரத்தில் செதுக்கிய சுழலிகள் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் செயல்திறன் கொண்டிருந்தன.

விட்டமா, புரியிடையா

இந்த வேறுபாட்டைத் துறைமுகத்தில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். 1974 சூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இப்போது வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கும் தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை நகர்த்துபவை இழுவைப் படகுகள். அவற்றின் திறமையை வேகத்தால் யாரும் சொல்வதில்லை. கரையிலுள்ள கட்டுத்தூணில் கயிற்றால் பிணைத்து, முழு விசையில் எத்தனை டன் இழுக்கிறது என்று அளந்து சொல்கிறார்கள். நின்ற இடத்தில் இழுக்க அகன்ற, தாழ்ந்த புரியிடை கொண்ட சுழலி வேண்டும். அதே சுழலியை விரைவுப் படகில் பூட்டினால் படகு ஊரும். விரைவுப் படகின் சுழலியை இழுவைப் படகில் பூட்டினால் இயந்திரம் திணறும்.

மாதிரி வானூர்தியில் நிலை உந்துவிசை எனப்படுவது இதே கட்டுத்தூண் இழுவைதான். தரையில் பிடித்துக்கொண்டு முழு விசை கொடுத்து, தராசில் எத்தனை கிராம் இழுக்கிறது என்று பார்ப்பது. விட்டம் பெரிதாகவும் புரியிடை சிறிதாகவும் உள்ள சுழலி (எ.கா. 11×4) இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். மெதுவாகப் பறக்கும், சுமை ஏற்றும், செங்குத்தாக எழும் வானூர்திகளுக்கு அது பொருத்தம். பல்சுழலி டிரோன்களுக்கும் அப்படியே. விட்டம் சிறிதாகவும் புரியிடை பெரிதாகவும் உள்ளது (எ.கா. 7×6) நின்ற இடத்தில் சோம்பலாக இருக்கும், வேகம் கூடியபின் உயிர் பெறும். தராசில் அதிகம் இழுக்கும் சுழலியே சிறந்தது என்று தொடக்கநிலையாளர் பலர் நம்புவது பாதி உண்மைதான். அந்த உந்துவிசை பறக்கும் வேகத்திலும் மிஞ்சுகிறதா என்பதே கேள்வி.

மற்றவை சமமாக இருந்தால், அகன்ற சுழலியை மெதுவாகச் சுழற்றுவதே சிக்கனம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடக் குறைந்த ஆற்றலில் அதே விசையைத் தரும். ஆகவே தரையில் உரசாத அளவுக்குப் பெரிய விட்டம் என்பது நல்ல தொடக்கம்.

மோட்டார், மின்கலம், சுழலி

தூரிகையற்ற மோட்டாரின் மேல் கேவி என்ற எண் இருக்கும். சுமையின்றி ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அது. 1000 கேவி மோட்டாரை மூன்று அறை லிப்போ மின்கலத்தில் (பெயரளவில் 11.1 வோல்ட்) இணைத்தால் சுமையின்றி 11,100 சுற்று. சுழலியைப் பூட்டியபின் அதில் நான்கில் மூன்று பங்களவே எஞ்சும். கேவி கூடிய மோட்டார் வலிமையானது என்று பொருளன்று. அது சிறிய சுழலியை வேகமாகச் சுழற்றவே செய்யப்பட்டது. கேவி குறைந்தது பெரிய சுழலிக்கானது.

மின் மோட்டாரின் ஒரு குணத்தை மறக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் தாங்காத சுழலியைப் பூட்டினால் எஞ்சின் அடங்கிவிடும் அல்லது நின்றுவிடும். மின் மோட்டார் அப்படி விட்டுக்கொடுக்காது. தன் சுற்று எண்ணிக்கையைத் தக்கவைக்க முயன்று மேலும் மேலும் மின்னோட்டத்தை இழுக்கும், எரியும் வரை இழுக்கும்.

எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு. சுழலி விழுங்கும் திறன் புரியிடைக்கு நேர்விகிதத்திலும், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், சுற்று எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் மாறும். 10×6 ஐக் கழற்றி 10×7 பூட்டினால், அதே சுற்றுக்கு 17 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். 11×6 பூட்டினால் 46 விழுக்காடு! ஓர் அங்குலம்தானே என்று விட்டத்தைக் கூட்டுவது, புரியிடையைக் கூட்டுவதைவிட மிகவும் கனமான முடிவு. நடைமுறையில் சுமை கூடும்போது சுற்று சற்றுக் குறைவதால் உயர்வு முழுமையாக வராது. ஆனாலும் மோட்டாரின் வெப்பத்தில் அது தெரியும்.

மிகுதியான மோட்டார்கள் எரிவது சுழலியை மாற்றும்போது அன்று, மின்கலத்தை மாற்றும்போது. மூன்று அறை மின்கலத்தில் நன்றாக ஓடிய அமைப்பில் நான்கு அறை மின்கலத்தை (14.8 வோல்ட்) இணைத்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். சுற்று மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மூன்றாம் அடுக்கு விதிப்படி திறன் 2.37 மடங்காகிறது. மின்னோட்டம் 16 ஆம்பியராக இருந்தது 28 ஐ நெருங்குகிறது. மோட்டார் 20 ஆம்பியருக்கானது என்றால் அதன் வாழ்நாள் சில நிமிடங்கள். நான்கு அறைக்கு மாற வேண்டுமெனில் சுழலியை 8×6 ஆகக் குறைக்க வேண்டும். அப்போது திறன் ஏறக்குறையப் பழைய அளவிலேயே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

இறக்கை நீளம் 1.3 மீட்டர், அகலம் 22 சென்டிமீட்டர், பறக்கும் எடை 1.1 கிலோகிராம் கொண்ட பயிற்சி வானூர்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் பரப்பு 0.286 சதுர மீட்டர். சாதாரண இறக்கைக்கு உயர்த்துகைக் குணகம் அதிகபட்சம் 1.2 எனக் கொண்டால், அது தாங்கி நிற்கும் மிகக் குறைந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 27 கி.மீ. புரியிடை வேகம் இதன் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது ஆர்வலரிடையே நிலைத்த விதி. இரண்டரை மடங்கு என்றால் 66 கி.மீ. 1000 கேவி மோட்டார், மூன்று அறை மின்கலம், 8,000 சுற்று என்ற கணக்கில் தேவையான புரியிடை 5.4 அங்குலம். கடையில் கிடைப்பது 10×5 அல்லது 10×6.

திறனைப் பார்ப்போம். இத்தகைய 10×6 சுழலி 8,000 சுற்றில் மின்கலத்திலிருந்து இழுப்பது ஏறத்தாழ 180 வாட், அதாவது 16 ஆம்பியர். கிலோவுக்கு 160 வாட் அளவில் வருகிறது. அமைதியான பறத்தலுக்கு 110 வாட், பயிற்சி வானூர்திக்கும் ஓரளவு சாகசத்துக்கும் 160 முதல் 220, செங்குத்தாகத் தொங்கும் சாகசத்துக்கு 330 வாட்டுக்கு மேல் என்பது பொதுவான வழிகாட்டி. நிலை உந்துவிசை 900 கிராமை ஒட்டி வரும். எடையைவிடக் குறைவுதான், ஆனால் இறக்கையில் பறக்கும் வானூர்திக்கு எடைக்குச் சமமான உந்துவிசை தேவையே இல்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில்

மேலுள்ள கணக்கு காற்றில்லாத நாளுக்கானது. தூத்துக்குடியின் கரை கிழக்கு நோக்கியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக வரும் வறண்ட மேலைக்காற்று, கடலோர வழக்கில் கச்சான், நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதாவது கரையில் நின்று பறக்கவிடும்போது காற்று எப்போதும் வானூர்தியை மன்னார் வளைகுடாவுக்குள் தள்ளிக்கொண்டேயிருக்கும். இந்த மாதங்களில் புரியிடை என்பது வேகத்துக்கான ஆசையன்று, வீடு திரும்புவதற்கான தேவை.

மணிக்கு 25 கி.மீ. எதிர்க்காற்றை வைத்துப் பார்க்கலாம். 8,000 சுற்றில் 10×5 இன் புரியிடை வேகம் 61 கி.மீ. உண்மை வேகம் 49 எனக் கொண்டால், கரையை நோக்கித் திரும்பும்போது தரைவேகம் 24. 10×6 க்கு உண்மை வேகம் 58, தரைவேகம் 33. ஓர் அங்குலப் புரியிடை திரும்பும் வேகத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுகிறது. மின்கலம் தளர்ந்து சுற்று குறையும்போது இந்த இடைவெளி இன்னும் அகலும். 11×4 போன்ற சுழலி தராசில் அழகாக இழுத்தாலும் அதே காற்றில் கடலின் மேல் ஏறக்குறைய நின்றுவிடும். வடகிழக்குப் பருவத்திலும் பிற்பகல் கடற்காற்றிலும் காற்று கரையை நோக்கியது. அப்போது தவறு நேர்ந்தாலும் வானூர்தி நிலத்தில் விழும்.

வெப்பமும் கணக்கில் வர வேண்டும். பாடநூல்களின் காற்றடர்த்தி 15 பாகை செல்சியசில் கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம். 35 பாகையில் அது 1.146 ஆகிறது. ஒரே சுற்றில் உந்துவிசை ஆறு விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. திறனும் அதே அளவு குறைவதால் மோட்டாருக்கு லாபம் போலத் தோன்றும், ஆனால் சூடான காற்று மோட்டாரைக் குளிர்விப்பதும் குறைவு. உதகமண்டலத்தின் உயரத்தில் அடர்த்தி தூத்துக்குடியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பார்த்துப் பொருத்திய பெரிய சுழலியை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவந்தால் மின்னோட்டம் எதிர்பாராத அளவு ஏறும்.

உப்பளங்கள் தட்டையான, மரமற்ற வெளிகள். தொலைவிலிருந்து பார்த்தால் பறக்கவிட ஏற்ற இடமாகவே தோன்றும். உற்பத்திக் காலத்தில் அங்கே வேலை செய்வோர் இருக்கிறார்கள் என்பதே முதல் தடை. சுழலும் பிளாஸ்டிக் இதழ் கத்திக்கு நிகரானது. அடுத்தது உப்புநீர். பாத்தியில் விழுந்த மோட்டாரை உடனே நன்னீரில் அலசி, உலர்த்தி, தாங்கியில் எண்ணெய் விடாவிட்டால் ஓரிரு நாளில் துருவேறும். உப்புநீரில் நனைந்த லிப்போ மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. மணலில் இறங்குவதிலும் ஒரு வம்பு உண்டு. இக்கரையின் கருமணலில் காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமத் துகள்கள் கலந்திருக்கின்றன. சுற்று உறையில் காந்தங்களைக் கொண்ட மோட்டார்கள் அவற்றைத் தேடி உறிஞ்சிக்கொள்ளும். தூரிகையால் எளிதில் போகாது. ஒட்டுநாடாவால் ஒற்றி எடுப்பதே வழி.

சக்கரமின்றி வயிற்றில் இறங்கும் வானூர்திக்கு மடியும் சுழலி நல்லது. மோட்டார் நின்றதும் இதழ்கள் பின்னோக்கி மடிந்துவிடும், மணலில் குத்தி உடையாது. அதற்கு வேகக் கட்டுப்படுத்தியில் நிறுத்தி வசதியை இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதழ்கள் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும்.

வகையும் தாங்குதிறனும்

ஒரே அளவுள்ள இரண்டு சுழலிகள் ஒரே பொருளல்ல. மின் மோட்டாருக்கான மெல்லிய, விறைப்பான இதழ் ஒரு வகை. மெதுவாகப் பறப்பதற்கான அகன்ற, வளையும் இதழ் இன்னொரு வகை. இரண்டாவதை வேகமாகச் சுழற்றினால் இதழ் படபடத்து வேரோடு பிய்ந்து பறக்கும். ஏபிசி நிறுவனம் தன் மெதுபறப்புச் சுழலிகளுக்கு 65,000 ஐ அங்குல விட்டத்தால் வகுத்து வரும் எண்ணை உச்சச் சுற்றாகக் குறிப்பிடுகிறது. 10 அங்குலத்துக்கு 6,500. மேலே கண்ட 1000 கேவி அமைப்போ 8,000 சுற்றில் ஓடுகிறது. மலிவாகக் கிடைக்கும் மெதுபறப்புச் சுழலியை இத்தகைய மோட்டாரில் பூட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அது கைவிடப்பட வேண்டியது.

மூன்று இதழ்ச் சுழலி தரைக்கு இடைவெளி போதாதபோது உதவும். அதே திறனுக்கு விட்டத்தை ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். சிக்கனம் சற்றுக் குறையும், அழகு கூடும்.

புதிய சுழலி எதுவும் சமநிலையில் இருக்கும் என்று நம்பலாகாது. நடுத்துளையில் மெல்லிய கம்பி செருகிக் கிடைமட்டமாக வைத்து, தாழும் இதழின் பின்புறத்தைச் சிறிது தேய்க்க வேண்டும், அல்லது உயரும் இதழில் ஒட்டுநாடாத் துண்டு ஒட்ட வேண்டும். முனை விரிந்த, கீறல் விழுந்த சுழலியை ஒட்டிப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது.

அளந்து பார்த்தல்

கணக்கு வழிகாட்டும், முடிவைச் சொல்வது வாட் அளவி. மின்கலத்துக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் நடுவே அதை இணைத்து, வானூர்தியை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, எதிர்பார்க்கும் அளவைவிட ஓர் அங்குலம் சிறிய சுழலியில் தொடங்க வேண்டும். நிறைவாக மின்னேற்றிய மின்கலத்தில் முழு விசை சில வினாடிகள் போதும். மின்னோட்டம் மோட்டார், கட்டுப்படுத்தி, மின்கலம் மூன்றில் எது தாழ்ந்த வரம்போ அதன் எண்பது விழுக்காட்டுக்குள் இருந்தால் அடுத்த அளவுக்குப் போகலாம். பறக்கும்போது சுழலியின் சுமை சற்று இளகுவதால் தரையில் காணும் எண் பொதுவாக உச்சமே. முதல் பறத்தலில் இரண்டு நிமிடத்தில் இறக்கி மோட்டாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் சுழலி பெரிது.

இந்தச் சோதனைகளின்போது சுழலியின் தளத்தில், அதாவது பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. இதழ் பிய்ந்தால் பறக்கும் திசை அதுவே. கட்டுப்படுத்தியின் அமைப்புகளை மாற்றும்போது சுழலியைக் கழற்றி வைப்பதே முறை.

சட்ட நிலை

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட இந்திய டிரோன் விதிகள் ஆளில்லா வானூர்திகளுக்கும் பொருந்தும். கல்வி, ஆய்வு, பொழுதுபோக்குக்காகப் பார்வைக்கு எட்டும் தொலைவில் பறக்கவிடப்படும் மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. இரண்டு கிலோவுக்கு உட்பட்டவற்றை வணிகமல்லாத நோக்கில் பறக்கவிட ஓட்டுநர் சான்றிதழும் வேண்டா. ஆனால் வான்வெளி மண்டலங்கள் எல்லோருக்கும் பொது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. தொலைவில் 200 அடி வரை அனுமதி உண்டு. வாகைக்குளத்தில் விமான நிலையமும் கரையில் பெருந்துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கும் தூத்துக்குடியில், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம். கரைக்கு அப்பாலுள்ள தீவுகள் 1986 இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே விழுந்த வானூர்தியை எடுக்கச் செல்வதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.